சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஆகஸ்டிலேயே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ப்ளஸ் டூ முடிவு வந்த வாரம் முழுக்க உங்கள் நாளிதழின் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களை ஒன்று விடாமல் படித்தேன். பொறியியலுக்குப் பக்கம் பக்கமாகக் கொடுத்திருந்தீர்கள். எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்-ஆஃப், எந்தச் சுற்றில் இடம் கிடைக்கும் என்றெல்லாம் விளக்கம் இருந்தது. மருத்துவம், செவிலியர் படிப்பு, வேளாண்மை எல்லாவற்றுக்கும் நல்ல கட்டுரைகள் வந்தன. சட்டப் படிப்புக்கு மட்டும் ஒரு பெட்டிச் செய்தி. அதிலும் விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மனசு கேட்காமல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். இருபது வருஷத்துக்கும் மேலாகப் பிராது, எதிர்வுரை, அபிடவிட், வாரிசுச் சான்று மனு என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு தட்டச்சு இயந்திரம், இப்போது கம்ப்யூட்டர். ஆன்லைன் விண்ணப்பம் வந்த பிறகு பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். விசைத்தறி ஓட்டுகிறவர், பீடி சுற்றுகிற அம்மா, பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "அக்கா, வக்கீல் படிப்புக்குப் போடணும்" என்பார்கள். கோர்ட் வாசலில் கடை இருப்பதால் என்னிடம் கேட்டால் தெரியும் என்று நினைக்கிறார்கள். கேட்கிறார்களே என்பதற்காகவே விவரக் கையேடுகளையும், வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் ஒழுங்குபடுத்துகிற பார் கவுன்சிலின் விதிகளையும் வாங்கி உட்கார்ந்து படித்தேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்கும் யோசனையோடு வருவது மே மாதத்தில். அதற்குள் பாதிக் கதவு அடைபட்டுவிடுகிறது. அடைபட்ட கதவு ஒன்று இருந்தது என்பதையே அவர்கள் அப்போதுதான் கேள்விப்படுகிறார்கள்.

போன வருஷம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளி. பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவன், ஆங்கிலத்திலும் நன்றாகவே எழுதுவான். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, திருச்சியில தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்குல்ல, அதுக்குப் போடுங்க" என்றான். திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் 2013 முதல் நடக்கிற தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தைத்தான் கேட்டான். அதில் சேர 'க்ளாட்' என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு டிசம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டியே முடிந்துவிடும். விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டில் திறந்து அக்டோபர், நவம்பரோடு மூடிவிடும். அதாவது பிள்ளை ப்ளஸ் டூ காலாண்டுத் தேர்வு எழுதுகிற சமயத்திலேயே க்ளாட்டுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. "எங்க ஸ்கூல்ல யாருமே சொல்லலியே அக்கா" என்றான். நீட்டைப் பற்றி அந்தப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள், ஜேஇஇ பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். க்ளாட் என்ற பெயரே அவர்கள் காதில் விழவில்லை.

அடுத்த வருஷம் எழுதலாம், வயது வரம்பு தடையில்லை என்று சொன்னேன். ஒரு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்து படிக்க அந்தக் குடும்பத்தால் முடியாது. உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். சேர்ந்துவிட்டான்.

க்ளாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத் தேர்வு, 120 கேள்வி. ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். முன்பே சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீளமான பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்வதுதான் வேலை. தினமும் செய்தித்தாள் படிக்கிற பிள்ளைக்கு அது எட்டாக் கனி இல்லை. ஆனால் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில்தான். பொதுப்பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் 4,000 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 3,500. தறி ஓட்டுகிற வீட்டில் இது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே தெரியும். இடம் கிடைத்த பிறகும் பெரும்பாலான தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகிறது. கல்விக் கடன், உதவித்தொகை இரண்டையும் முன்கூட்டியே விசாரித்து வைக்காமல் இறங்க முடியாது. அதனால்தான் ஆகஸ்டிலேயே தெரிய வேண்டும் என்கிறேன். மே மாதத்தில் தெரிந்தால் கடனுக்கு அலையக்கூட நேரம் இருக்காது.

சரி, க்ளாட் போனால் போகட்டும், நம் மாநிலத்திலேயே அருமையான வழி இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. ப்ளஸ் டூ மதிப்பெண்தான் ரேங்க். எந்தக் குரூப் எடுத்த பிள்ளையும் போடலாம். வரலாறு குரூப் எடுத்தால்தான் வக்கீலாக முடியும் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் நம்புகிறார்கள். உயிரியல் படித்த பிள்ளை, கணக்குப் பதிவியல் படித்த பிள்ளை, தொழிற்கல்விப் பாடம் எடுத்த பிள்ளை எல்லோருக்கும் இடம் உண்டு. பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்சம் பொதுப்பிரிவுக்கு 45 விழுக்காடு, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40. அதற்கு மேல் யார் அதிகம் எடுத்தார்களோ அவர்களுக்கு முதலில். 69 விழுக்காடு இட ஒதுக்கீடு முழுமையாக உண்டு. கல்லூரிக் கட்டணமோ மிகக் குறைவு. அரசு சட்டக் கல்லூரியில் ஒரு வருஷம் படிக்க ஆகிற செலவில் தனியார் கல்லூரியில் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது.

எங்களுக்குத் திருநெல்வேலி பக்கம். 1996-ல் வந்த கல்லூரி. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மதுரைக்கோ சென்னைக்கோதான் போக வேண்டியிருந்தது. இப்போது தேனி, ராமநாதபுரத்திலும் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. சென்னையைக் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுவேன். 1891-ல் தொடங்கிய பழைய சட்டக் கல்லூரி இப்போது உயர்நீதிமன்றத்துப் பக்கத்தில் இல்லை. 2018-ல் அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் புதுப்பாக்கத்துக்கும் இன்னொன்றைத் திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டு போய்விட்டார்கள். ஹைகோர்ட்டுக்கு நடந்து போய் வழக்குப் பார்க்கலாம் என்ற கனவில் போடுகிற பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் போடுவதில் பலர் வழுக்குகிற ஒரு இடம் உண்டு. சென்னையில் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்பில் சீர்மிகு சட்டப் பள்ளி இருக்கிறது. அங்கே பி.ஏ., பி.பி.ஏ., பி.காம்., பி.சி.ஏ. ஆகியவற்றோடு சேர்ந்த ஐந்தாண்டு ஹானர்ஸ் படிப்புகள். அதற்கு விண்ணப்பம் தனி. திருநெல்வேலி, மதுரை, கோவை போன்ற இணைப்புக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தனி. கட்டணமும் தனித்தனி. ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றுக்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண் இப்படித்தான் ஹானர்ஸுக்கு மட்டும் வேறொரு கடையில் போட்டுவிட்டு, அங்கே இடம் கிடைக்காமல் என்னிடம் வந்தாள். நல்லவேளை, இணைப்புக் கல்லூரிகளுக்குக் கடைசித் தேதி முடிய இன்னும் அவகாசம் இருந்தது.

சான்றிதழ் விஷயம் இன்னும் சிக்கலானது. எங்கள் தென் மாவட்டங்களில் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. சம்பளம் அரசு தருகிறது, பாடப்புத்தகம் அரசு தருகிறது, மதிய உணவும் உண்டு. பிள்ளைகள் அதை அரசுப் பள்ளி என்றே நினைக்கிறார்கள். ஆனால் சட்டம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-ல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் மட்டும் படித்தவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது. அதே பிள்ளைக்குத் தமிழ்வழியில் படித்திருந்தால் புதுமைப்பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. ஒன்றில் சேர்க்கிறார்கள், இன்னொன்றில் சேர்ப்பதில்லை. பெற்றோர் குழம்பாமல் என்ன செய்வார்கள்? ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகள் 7.5 ஒதுக்கீட்டில் கட்டணமே இல்லாமல் படித்துவிடலாம் என்று நம்பி வந்தாள். அவள் பள்ளி உதவி பெறும் பள்ளி. அது தெரிந்ததும் அவள் அப்பா, "அப்ப வேண்டாம்மா, செலவு தாங்காது" என்று எழுந்துவிட்டார். உட்கார வைத்து, அரசு சட்டக் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று காட்டிய பிறகுதான் சம்மதித்தார். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துப் போய்விட்டாள்.

உண்மையிலேயே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் அலைச்சல் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்றால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்குச் சான்று வாங்க வேண்டும். விண்ணப்பம் திறப்பது மே மாதம். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். தலைமை ஆசிரியர் சொந்த ஊருக்குப் போயிருப்பார், இல்லை மாறுதலாகிப் போயிருப்பார். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று இ-சேவையில் போட்டுவிட்டுத் தாசில்தார் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் பிப்ரவரியிலேயே வாங்கி வைத்துவிட்டால் மே மாதம் நிம்மதியாக இருக்கலாம். யாராவது பிப்ரவரியில் சொன்னால்தானே?

ஐந்து வருஷப் படிப்பா, பட்டப் படிப்பு முடித்துவிட்டு மூன்று வருஷப் படிப்பா என்று எல்லோரும் கேட்பார்கள். ஐந்து வருஷத்தில் பி.ஏ.வும் எல்.எல்.பி.யும் சேர்ந்து கிடைக்கும், ஒரு வருஷம் மிச்சம். ஆனால் நடுவில் விட முடியாது. மூன்று வருஷம் படித்துவிட்டு நின்றுவிட்டால் பி.ஏ. பட்டமாவது கொடுங்கள் என்று கேட்க பார் கவுன்சில் விதியில் இடம் இல்லை. வீட்டில் எப்போது என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத குடும்பத்துப் பையனுக்கு, முதலில் ஒரு டிகிரி, கையில் ஒரு வேலை, அப்புறம் மூன்று வருஷ எல்.எல்.பி. என்பது பாதுகாப்பான வழி. பெண் பிள்ளை என்றால் என் அபிப்பிராயம் வேறு. தயங்காமல் ஐந்து வருஷத்தில் சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பி.ஏ. முடித்துவிட்டு மூன்று வருஷம் படிக்கலாம் என்று சொல்கிற வீட்டில் பி.ஏ. முடிந்த மாதமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆர்வமாக இருந்த எத்தனையோ பெண்கள் அந்த இடத்தில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருஷப் படிப்பில் சேர்ந்த பெண்ணை நடுவில் நிறுத்தினால் கையில் ஒரு பட்டமும் இருக்காது என்று தெரிந்தால் வீட்டிலும் பொறுத்துப் போகிறார்கள்.

எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கோர்ட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். எந்த வழக்குக்கு எந்த மனு, எத்தனை நாளில் போட வேண்டும், முத்திரை எவ்வளவு ஒட்ட வேண்டும் எல்லாம் அத்துபடி. புதிதாக வருகிற ஜூனியர் வக்கீல்கள் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அவருக்குச் சட்டம் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பத்தாம் வகுப்போடு நின்றவர், ப்ளஸ் டூ எழுதாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டத்தை வைத்துச் சட்டப் படிப்பில் சேர முடியாது. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பத்து, பன்னிரண்டு, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். ப்ளஸ் டூ முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவருக்குத் தடை இல்லை. நேரடியாகத் தாவியவருக்குத்தான் தடை. அவர் பட்டப் படிப்பில் சேருவதற்கு முன்பு யாராவது இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், முதலில் ப்ளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி முடித்திருப்பார். இன்றைக்கு எங்கள் ஊர் வக்கீல்கள் சங்கமான பார் அசோசியேஷனில் ஒரு நல்ல வக்கீலாக இருந்திருப்பார்.

இதைவிட மோசம் இடைத்தரகர்கள் பிடியில் விழுவது. வெளிமாநிலத்துத் தனியார் கல்லூரி, வகுப்புக்குப் போகவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் போனால் போதும் என்று ஆள் வந்து பேசுகிறார்கள். ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் இப்படிப் பணம் கட்டி ஏமாந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் அனுப்பிய கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். பதிலே வரவில்லை. சட்டப் படிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 விழுக்காடு வருகை வேண்டும். தபால் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ஒரே நேரத்தில் இன்னொரு முழுநேரப் படிப்பும் படிக்கக் கூடாது. ஐந்தாண்டு மாணவர் படிப்புக் காலத்துக்குள் 20 வாரமாவது வக்கீல் அலுவலகம், சட்டப் பணிகள் ஆணைக்குழு போன்ற இடங்களில் பயிற்சி எடுக்க வேண்டும், மூன்றாண்டு மாணவர் 12 வாரம். கல்லூரிக்குப் போகாமல் இதெல்லாம் எப்படி நடக்கும்? பிற்பாடு பார் கவுன்சிலில் பதிவு செய்யப் போகும்போது ஏதாவது கேள்வி வந்தால் பணமும் போய், வருஷமும் போய்விடும். வருகைப் பதிவு வேண்டாம் என்று எவன் சொன்னாலும் அவனிடம் பணம் கொடுக்காதீர்கள் என்று உங்கள் பத்திரிகையில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

படிக்கிறபோது புத்தகம் வாங்குவதில்கூட இப்போது கவனம் தேவைப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய்ப் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. கொலை என்றால் 302 என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், இப்போது அது 103. ஏமாற்றுக்கு 420 என்றிருந்தது 318-ன் நான்காம் உட்பிரிவு. பழைய வழக்குகள் பழைய சட்டத்தில் நடப்பதால் என் கடையில் இரண்டையும் தட்டச்சு செய்கிறேன். மாணவர்களும் இரண்டையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தில் முதலில் புதுச் சட்டத்தின் பேர் ஆக்ட்டை, அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் இருக்கிற புத்தகத்தை வாங்குங்கள், பழைய புத்தகம் சீனியரிடம் இரவல் கிடைக்கும்.

ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வாங்குகிற பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களிடம் நான் அன்றைக்கு அடித்த பிராதை எடுத்துக் காட்டுவேன். முழுக்கத் தமிழ். எங்கள் முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் மனுவும் தமிழில், சாட்சி விசாரணையும் தமிழில். வக்கீலான பிறகு எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வைக்கூடத் தமிழில் எழுதலாம். அதே சமயம் உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்க ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து தினம் ஒரு பக்கமாவது தீர்ப்பைப் படித்துப் பழகினால் மூன்றாம் வருஷத்துக்குள் பயம் போய்விடும். நான் வெறும் தட்டச்சு செய்து செய்தே எவ்வளவோ புரிந்துகொண்டேன், கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு வராமல் போகுமா?

படிப்பு முடிந்ததும் சம்பாத்தியம் வந்துவிடும் என்று மட்டும் யாரும் பெற்றோரிடம் சொல்ல வேண்டாம். பட்டம் வாங்கி, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்து, பார் தேர்வு எழுதி, ஒரு சீனியரிடம் சேர்ந்து, முதல் இரண்டு மூன்று வருஷம் கைக்காசு போட்டுத்தான் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும். என் கடை வாசலில் நிற்கிற ஜூனியர்களைத் தினமும் பார்க்கிறேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு எல்லாம் சரியாக இருக்கும், மத்தியானம் டீயோடு முடித்துக்கொள்வார்கள். ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 முதல் 20,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் சொன்னது. எங்கள் ஊர் போன்ற சின்னக் கோர்ட்டில் சீனியருக்கே அவ்வளவு வருமானம் வராத மாதம் உண்டு. மாஜிஸ்திரேட் ஆகிவிடலாம் என்று நினைத்துச் சேருகிற பிள்ளைக்கும் இப்போது கணக்கு மாறிவிட்டது. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடியும் கட்டாயமாக்கியிருக்கிறது. அப்படியென்றால் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை ஐந்து வருஷம் படித்து, மூன்று வருஷம் தொழில் செய்து, எட்டு வருஷம் கழித்துத்தான் அந்தத் தேர்வு எழுத முடியும். குடும்பம் இதற்குத் தயாராக வேண்டும். தெரிந்து சேருகிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள், தெரியாமல் சேர்ந்தவர்கள் இரண்டாவது வருஷத்தில் ரியல் எஸ்டேட் பக்கம் போய்விடுகிறார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வக்கீலாகப் பதிவு செய்யப் பல மாநில பார் கவுன்சில்கள் பதினைந்தாயிரம், சில இடங்களில் நாற்பதாயிரத்துக்கு மேல்கூட வாங்கிக்கொண்டிருந்தன. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்புச் சொன்னது. பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 125. அன்றைக்கு என் கடையில் இருந்த ஒரு ஜூனியர் பெண்ணுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பதிவுக் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மலை அடகு வைக்கவிருந்தவள் அவள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். மே மாதப் பெட்டிச் செய்தியோடு நிறுத்தாமல், ஆகஸ்ட் மாதம் ஒரு முழுப் பக்கத்தைச் சட்டப் படிப்புக்கு ஒதுக்குங்கள். க்ளாட் விண்ணப்பம் திறந்திருக்கிற சமயம் அது. பிப்ரவரியில் சான்றிதழ்களுக்காக இன்னொரு அரைப் பக்கம் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையும் உங்கள் பத்திரிகையைப் படிக்கும் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன். 'நான் முதல்வன்' திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டல் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமப் பள்ளிகளிலிருந்து என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நீட், ஜேஇஇ தெரிகிற அளவுக்குச் சட்டம் தெரியவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் க்ளாட் தேதியையும் அரசு சட்டக் கல்லூரி பற்றியும் சொன்னால் போதும். ஒவ்வொரு ஊர் பார் அசோசியேஷனும் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு இளம் வக்கீல்களை அனுப்பலாம், அதிலும் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எங்கள் ஊர் வக்கீல்கள் சிலரிடம் கேட்டிருக்கிறேன், வருகிறோம் என்றிருக்கிறார்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வர வேண்டும். சட்டப் பல்கலைக்கழகம் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பது போல மாவட்டத்துக்கு ஒரு உதவி மையம் வைத்தால் பிள்ளைகள் என் கடையையோ வேறு கடையையோ நம்பிக் காசு கொடுக்க வேண்டியிருக்காது. எனக்கு அதில் வருமானம் குறையும், குறைந்தால் குறையட்டும்.

என் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். சட்டப் படிப்புக்கு எந்த மாதம் என்ன செய்ய வேண்டும், எந்தச் சான்றை எங்கே வாங்க வேண்டும், யாரிடம் ஏமாறக் கூடாது என்று தமிழில் தட்டச்சு செய்தது. திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் சரிபார்த்துக் கொடுத்தார்கள். அதன் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தேதிகளை மட்டும் அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்து மாற்றிக்கொண்டு, ஆகஸ்ட் மாதம் உங்கள் பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
தட்டச்சு நிலையம், நீதிமன்றம் எதிரில்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.